பத்தாம் திகதிக் கணக்கு

எங்கள் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்து நான்கு வருடங்களுக்கு மேலாகிறது. முறைப்படி அதை அதிபர்தான் எழுத வேண்டும். ஆனால் தன் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்பது அவருக்கே தெரியும். "டீச்சர், நீங்கள் எழுதுங்கள், நான் ஒப்பம் வைக்கிறேன்" என்று ஒருநாள் சொன்னார். அன்று முதல் பாடசாலையில் எது நடந்தாலும் அதை ஒரு வரிக்குள் அடக்குவது என் பொறுப்பாகிவிட்டது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான். ஆகையால் அதன் மொழி மிகவும் ஒழுக்கமானது. அதில் எல்லா விழாக்களும் சிறப்பாகவே நடைபெறும். காற்றில் பந்தல் சரிந்து பிரதம விருந்தினரின் தோளில் விழுந்தாலும் விழா சிறப்பாகவே நடைபெறும்.

2024ஆம் ஆண்டின் பக்கங்களை அண்மையில் ஒரு தேவைக்காகப் புரட்டினேன். விழாக்கள், கூட்டங்கள், போட்டிகள், விடுமுறைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆனால் அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு நினைவுக்கு வருகிற எதுவும் அதில் இல்லை. எழுதியவள் நான்தான் என்பதால் யாரையும் நோக முடியாது.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே, கெசல்கமு ஓயா என்கிற ஆறு கீழே வெள்ளிக் கோடாகத் தெரிகிற ஓர் உயரத்தில் இருக்கிறது எங்கள் பாடசாலை. முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை 87 பிள்ளைகள், அதிபரையும் சேர்த்து ஏழு ஆசிரியர்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மூன்று டிவிசன்களில், அதாவது பிரிவுகளில், இருக்கிற லயங்களிலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். நானும் அதே தோட்டத்தில் பிறந்தவள்தான். என் அம்மா கொழுந்து எடுத்த மலை, நான் பாடம் நடத்தும் வகுப்பறையின் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது.

கொரோனாக் காலத்தில் தடம் புரண்ட பாடசாலை நாட்காட்டி அப்போதும் சரியாகத் தடமேறியிருக்கவில்லை. 2024ஆம் கல்வியாண்டு பெப்ரவரி 19ஆம் திகதிதான் தொடங்கியது. அந்த வருடத் தைப்பொங்கலை 2023ஆம் ஆண்டின் மூன்றாம் தவணையில் வைத்துப் பொங்கினோம். முதலாம் தரத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. கால்கோள் விழாவுக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் காகிதப்பூ மாலையுடன் வாசலில் வரிசையாக நின்று வரவேற்றார்கள். ஒரு வருடத்துக்கு முன்னர் அதே வாசலில் அழுது புரண்டவர்கள், இப்போது புதியவர்களைப் பார்த்து "அழக்கூடாது" என்று அதட்டினார்கள்.

பெயர் கூப்பிட்டபோது ஒரு சிறுமி மட்டும் எழுந்திருக்கவில்லை. பதிவில் இருந்த பெயரை மூன்று முறை வாசித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் பெயர் என்ன பிள்ளை?" என்று பக்கத்தில் போய்க் கேட்டேன். "எட்டாம் நம்பர் லயத்துப் பாப்பா" என்றாள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை அவள் வாழ்நாளில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. இது எங்கள் பக்கத்தில் புதுமையல்ல. பதிவுப் பெயர் தகரப் பெட்டிக்குள் இருக்கும், கூப்பிடும் பெயர் லயத்தில் இருக்கும். அவளுடைய அம்மா கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் மலைக்குப் போக வேண்டியிருந்ததால் விழா முடியுமுன்பே போய்விட்டார். பாப்பா அழவில்லை. கொடுத்த பனிஸைப் பாதி தின்று, மீதியைச் சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புத்தகத்தில்: "தரம் 1 மாணவர்களுக்கான கால்கோள் விழா சிறப்பாக நடைபெற்றது. புதிய அனுமதி 14."

மார்ச் மாதக் கடைசியில் இல்ல விளையாட்டுப் போட்டி. எங்களுக்கென்று மைதானம் இல்லை. தொழிலாளர்கள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்தைத் தோட்டத்தில் கேட்டு வாங்கிக்கொள்வோம். அது மட்டமான இடம் என்று தோட்டத்தில் சொல்வார்கள். நாங்கள் சுண்ணாம்புக் கோடு போட்டபோது ஐம்பது மீட்டர் ஓட்டப் பாதையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஓர் ஆள் உயர வித்தியாசம் இருந்தது. மேலிருந்து கீழே ஓடவிட்டால் பிள்ளைகள் நிற்க முடியாமல் வடிகானுக்குள் விழுவார்கள். கீழிருந்து மேலே ஓடவிட்டால் பாதியில் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். கடைசியில் கீழ்நோக்கியே ஓடவிட்டு, முடிவுக்கோட்டுக்கு அப்பால் மூன்று ஆசிரியர்களைப் பிள்ளை பிடிக்க நிறுத்தினோம். நானும் அவர்களில் ஒருத்தி. அன்றைக்கு என் சேலையில் படிந்த செம்மண் இன்னும் முழுதாகப் போகவில்லை.

தேசிக்காய் ஓட்டம், சாக்கு ஓட்டம், பனிஸ் தின்னுதல், சங்கீதக் கதிரை எல்லாம் வழக்கம் போல நடந்தன. அணிநடைக்கு எல்லாருக்கும் சப்பாத்து வேண்டும் என்று ஓர் ஆசிரியர் பிடிவாதம் பிடித்ததால், பச்சை இல்லத்தார் நடந்து முடித்ததும் சப்பாத்துகள் சிவப்பு இல்லத்தாரின் கால்களுக்கு மாறின. அந்த இடைவேளையை நிரப்ப நான் ஒலிபெருக்கியில் பாடசாலையின் வரலாற்றை இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை. முதல் முறையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த நாள் அம்மாமார் ஓட்டத்துக்குச் சொந்தமானது. பதினொரு மணிக்கு என்று அறிவித்திருந்தோம். பதினொன்றரைக்குத்தான் மலையிலிருந்து வந்தார்கள். தலையில் கொங்காணி, இடுப்பில் படங்கு, காலில் சேறு. கூடைகளைக் களத்தின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, கோட்டில் நின்றார்கள். விசில் ஊதுமுன்பே சிரிப்பு. ஒருவர் பாதியில் திரும்பி நின்று பின்னால் வருகிறவருக்காகக் காத்திருந்தார். வென்றவர் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. செங்குத்தான மலையில் முதுகில் கூடையோடு ஏறி இறங்குகிறவருக்கு எங்கள் சரிவு ஒரு சரிவா? அவருடைய மகன், மூன்றாம் தரத்தில் படிக்கிறவன், தான் ஓடிய மூன்று போட்டிகளிலும் கடைசியாக வந்தவன், அம்மாவின் பரிசான பிளாஸ்டிக் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு களத்தை ஒரு சுற்று வந்தான்.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2021 முதல் அதுதான். அது 1,350 ஆனது 2024 செப்டெம்பரில். மலையிலிருந்து இடையில் இறங்கி வந்தவர்களுக்கு அன்று அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். ஐந்நூறு ரூபாயை விட்டுவிட்டு வந்து, அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கிய ஒரு பேசினுக்காக ஓடியிருக்கிறார்கள். பேசினுக்காகவா ஓடினார்கள் என்று கேட்டால், இல்லைதான். இருந்தாலும் அடுத்த வருடம் போட்டியை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். ஆசிரியர்கள் விரும்பவில்லை. அதையும் நான் எழுதவில்லை. "பெற்றோருக்கான போட்டிகளும் இடம்பெற்றன."

ஏப்ரலில் புத்தாண்டு. மே மாதத்தில் வெசாக் கூடு. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை. அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குப் புத்தகத்தில் எழுத அதிகம் இருக்காது. எங்கள் கூரை தகரம். மழை பிடித்தால் முன்வரிசைப் பிள்ளைக்குக்கூட நான் சொல்வது கேட்காது. அந்த நாட்களில் பாடம் முழுவதும் கரும்பலகையிலும் சைகையிலும்தான். "மழைப் பாடம்" என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மழைப் பாடம் அவர்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் யாரும் வாய்ப்பாடு ஒப்புவிக்கச் சொல்ல முடியாது. வரவு பாதியாகக் குறையும். வருகிறவர்களின் கால்களில் அட்டை இருக்கும். முதல் பாடவேளை உப்பும் சவர்க்காரமுமாகக் கழியும். ஜூன் 26ஆம் திகதிக்கு எதிரே "ஆசிரியர் வரவு இல்லை" என்று மட்டும் இருக்கிறது. நாடெங்கும் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டு சுகவீன விடுமுறை எடுத்த நாள் அது. சுகவீனமாக இருந்தவர்களில் நானும் ஒருத்தி.

ஜூலையில் ஒருநாள் மதிய உணவு நேரத்தில் மேல் மலையில் குளவிக்கூடு கலைந்தது. கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு பிள்ளைகளை மேசைகளுக்கு அடியில் உட்கார வைத்தோம். இருட்டில் சோற்றுத் தட்டுகளோடு எண்பது பிள்ளைகள். அவர்கள் பயந்தது தங்களுக்காக அல்ல. "எந்த மலை டீச்சர்? எத்தனையாம் நம்பர் மலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யாருடைய அம்மா அன்று எந்த மலையில் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நான்கு பேரை லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நால்வரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

பிறகு புலமைப்பரிசில் பரீட்சை. இதைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும், ஆகவே கொஞ்சமாக எழுதுகிறேன். எங்கள் பாடசாலையின் மூத்த கட்டடம் தோட்டம் கட்டியது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. பத்து வயதுக்குப் பிறகுதான் மலை இருக்கிறதே. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. கட்டடங்கள் வந்தன, பத்தனையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கக் கல்வியியற் கல்லூரி வந்தது, நானும் அங்கே படித்துத்தான் வந்தேன். ஆனால் பத்து வயது என்கிற அந்தக் கோடு மட்டும் போட்ட இடத்தைவிட்டு நகரவில்லை. ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்கு வயது பத்து. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் எந்தப் பிள்ளை நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகலாம் என்று நாடு தீர்மானிக்கிறது.

எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர் அந்த வருடம் எழுதினார்கள். ஆறு மாதம் பின்னேர வகுப்பு. செப்டெம்பர் 15 காலை ஐந்தரைக்கு வான் வந்தது. அம்மாமார் பிள்ளைகளின் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார்கள். வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஒருத்தி பரீட்சை மண்டபத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தவறினால் ஏசுவீர்களா?" என்று கேட்டாள். நான் ஏசமாட்டேன் என்றேன். அவள் கேட்டது என்னைப் பற்றித்தானா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். சில நாட்களில், முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்பே வெளியாகியிருந்தன என்ற செய்தி வந்தது. மீண்டும் பரீட்சை வைக்க வேண்டும் என்று ஒரு சாரார், வேண்டாம் என்று ஒரு சாரார். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. எங்கள் ஒன்பது பேருக்கு அந்தக் கேள்விகள் வெளியானதே தெரியாது. வெளியே போன கேள்வி எங்கள் மலை ஏறி வரவில்லை.

செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். வகுப்பறைகள் வாக்குச்சாவடிகளாகின. திரும்பி வந்தபோது முதலாம் தரத்தின் சின்னக் கதிரைகள் ஐந்தாம் தரத்தில் இருந்தன.

அதற்குப் பிறகு வந்தது ஒக்டோபர். ஒக்டோபர் என்றால் பாடசாலைகளுக்கு விழாக் காய்ச்சல். முதலாம் திகதி சிறுவர் தினம், ஆறாம் திகதி ஆசிரியர் தினம், இடையில் நவராத்திரி, மாதக் கடைசியில் தீபாவளி. போதாதென்று நான்காம் திகதி, வெள்ளிக்கிழமை, சிறுவர் சந்தை வைத்தோம். பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததையும் வீட்டில் செய்ததையும் கொண்டுவந்து விற்பார்கள். பணத்தை எண்ணவும், மீதி கொடுக்கவும், நிறுக்கவும் பழகுவார்கள் என்பது நோக்கம். வலயத்திலிருந்தும் ஓர் அதிகாரி வந்திருந்தார்.

உரச் சாக்குகளை விரித்து உட்கார்ந்தார்கள். போஞ்சி, கோவா, நோக்கோல், வல்லாரைக் கட்டு, மரத்தக்காளி, கொடித்தோடை, அவித்த மரவள்ளி, சுண்டல், ரொட்டியும் கட்டாச் சம்பலும். ஒரு பையன் ஒரு கோழிக்குஞ்சைக் கொண்டுவந்துவிட்டு, விலை கேட்டவர்களிடமெல்லாம் விற்க மாட்டேன் என்றான். பத்து மணிக்குள் ஒரு சிக்கல் புரிந்தது. சந்தையில் விற்கிறவர்கள் இருந்தார்கள், பொருள் இருந்தது, காசு இல்லை. திகதி நான்கு. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதிதான். மாதத்தின் முதல் வாரம் எங்கள் லயங்களில் கை வறண்டிருக்கும் காலம். இதை நானல்லவா யோசித்திருக்க வேண்டும்? அதே லயத்தில் வளர்ந்தவள், நாட்காட்டியில் வெற்றிடம் பார்த்துத் திகதி குறித்திருக்கிறேன்.

எல்லாக் கடைகளும் தூங்கி வழிந்தபோது ஒரு கடையில் மட்டும் கூட்டம். நான்காம் தரத்துப் பையன், பாட்டி வீட்டுக் கொய்யாப்பழம் ஒரு கூடை வைத்திருந்தான். ஒன்று இருபது ரூபாய். மடியில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி. வாங்க வருகிறவரின் பெயரைக் கேட்கிறான், எழுதுகிறான், பழத்தைக் கொடுக்கிறான். "பத்தாம் திகதி தந்தால் போதும்."

அதிகாரி அவன் முன்னால் குனிந்து, "தம்பி, காசு இல்லாமலும் வாங்கலாமா?" என்று கேட்டார்.

"வாங்கலாம் சேர்" என்றான். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "சேர் எந்த டிவிசன்?" என்றான்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, நாற்பது ரூபாயைக் கையில் வைத்து இரண்டு பழம் வாங்கிக்கொண்டார். போகும்போது, பிள்ளைகளுக்குக் கடன் பழக்கத்தைவிடச் சேமிப்புப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். தலையாட்டினேன். அவர் சொன்னது தவறில்லை. ஆனால் எனக்கு என் அம்மாவின் கடைக் கொப்பி நினைவுக்கு வந்துவிட்டது. எட்டு வயதில் அதை எடுத்துக்கொண்டு நான்தான் கடைக்குப் போவேன். கடைக்காரர் பக்கத்தைப் புரட்டி, பழைய பாக்கியைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் மாவை நிறுப்பார். அந்த மூச்சை நான் வெறுத்தேன். இந்தப் பையன் மூச்சு விடவில்லை. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பெயர், பழம், இருபது. அடுத்த ஆள்.

மதியத்துக்குள் கூடை காலி. அன்றிலிருந்து அவன் பெயர் "முதலாளி". கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இருபத்தாறு பெயர்கள். கடைசியில் கூட்டியிருந்தான். இரண்டு இடத்தில் பிழை, இரண்டும் அவனுக்கே நட்டம். பட்டியலில் பதினோராம் பெயர் "டீச்சர்". நான் வாங்கியது அவசரத்தில், காசுப்பை காரியாலயத்தில் இருந்தது. அதற்கு இரண்டு பெயருக்குக் கீழே, கோணல் எழுத்தில், "8 லயம் பாப்பா".

பத்தாம் திகதி வியாழக்கிழமை. சம்பளம் பின்னேரந்தான் கைக்கு வரும் என்பதால் அவன் வெள்ளிக்கிழமை காலையில்தான் வசூலுக்குக் கிளம்பினான். அன்று வாணி விழா. ஒரு பக்கம் அவல், கடலை, சுண்டல், சரஸ்வதி படத்துக்குக் கீழே அடுக்கிய புத்தகங்கள். மறுபக்கம் கொப்பியோடு முதலாளி. பூசை நேரத்தில் அவன் தன் கடன் கொப்பியையும் படத்துக்குக் கீழே வைத்து எடுத்ததை நான் பார்த்தேன். பெரும்பாலானோர் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் பெயரை அடிமட்டம் வைத்து வெட்டினான். என் பெயரையும் வெட்டினான். பாப்பாவிடம் ஐந்து ரூபாய்க் குற்றிதான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, பெயருக்குப் பக்கத்தில் "வரவு 5, மிச்சம் 15" என்று எழுதி, "அடுத்த பத்தாம் திகதி" என்றான். அவளும் பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள்.

நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலுக்காக மறுபடியும் கதிரைகள் இடம் மாறின. உயர்தரப் பரீட்சைக்காகப் பாடசாலைகள் நவம்பர் 22இல் மூடப்படவிருந்ததால் ஒளி விழாவையும் முன்னதாகவே வைத்தோம். எங்கள் பாடசாலையில் அந்த வருடம் இயேசு பாலன் நவம்பரிலேயே பிறந்துவிட்டார். மூன்று ஞானிகளில் ஒருவனாக முதலாளி நடித்தான். பொன் கொண்டுவருகிறவன் வேடந்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஜனவரி 2ஆம் திகதி மீண்டும் தொடங்கியபோது பாப்பாவின் இடம் காலியாக இருந்தது. அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டார், அப்பா கொழும்பில் ஒரு கடையில். பாப்பாவைப் பதுளைப் பக்கத்தில் இருக்கிற பாட்டியிடம் விட்டிருந்தார்கள். இரண்டு வாரங்கள் கழித்துச் சித்தப்பா வந்து விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போனார். அதில் அவளுடைய பதிவுப் பெயரை நானே எழுதினேன். அவளுக்கு அதற்குள் அந்தப் பெயரை எழுதத் தெரிந்திருந்தது, ஒரு சுழி மட்டும் கூடுதலாக வரும். "மாணவர் தொகை 86" என்று சம்பவத் திரட்டில் எழுதி அதிபரிடம் ஒப்பம் வாங்கினேன்.

23ஆம் திகதி இரவு புலமைப்பரிசில் பெறுபேறு வந்தது. வெளியான மூன்று கேள்விகளுக்கும் எல்லாருக்கும் புள்ளி கொடுத்திருந்தார்கள். எங்கள் ஒன்பது பேரில் யாரும் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டவளுக்கு இரண்டு புள்ளி குறைவு. மறுநாள் காலையில் அவள் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நின்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் இருவருமாக நூலக அலுமாரியைத் தூசி தட்டினோம். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்றுதான் கல்வியாண்டின் கடைசி நாள். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது முதலாளியின் புத்தகப் பையிலிருந்து அந்த நாற்பது பக்கக் கொப்பி எட்டிப் பார்த்தது. எடுத்துப் புரட்டினேன். இருபத்தைந்து பெயர்களும் வெட்டப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் அப்படியே இருந்தது.

"இதையும் வெட்டிவிடு" என்றேன். "அந்தப் பதினைந்து ரூபாயை நான் தருகிறேன்."

"வேண்டாம் டீச்சர்" என்றான். கொப்பியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான். "வெட்டினால் பெயர் தெரியாமல் போய்விடும்."